ஏழு ஊர் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்: ஜேன் பிரையன்டையும் சார்லியையும் மேடைக்கு அழையுங்கள்

பெறுநர்: இலினாய் மாநிலத்தின் ஒட்டாவா, ஃப்ரீபோர்ட், ஜோன்ஸ்பரோ, சார்லஸ்டன், கேல்ஸ்பர்க், குவின்சி, ஆல்டன் ஆகிய ஏழு ஊர்களில் லிங்கன்–டக்ளஸ் வாதங்களின் நினைவு நாளைக் கொண்டாடும் குழுவினர்.

மதிப்பிற்குரியீர்,

1858 ஆகஸ்ட் 21 அன்று ஒட்டாவாவில் தொடங்கி, அக்டோபர் 15 அன்று ஆல்டனில் முடிந்த, அமெரிக்க செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் அடிமைமுறை பற்றி நேருக்கு நேர் மோதிய அந்த ஏழு வாதங்களுக்கு 2028 இல் 170 ஆண்டுகள் நிறைகின்றன. அதற்கான ஏற்பாடுகளை நீங்கள் இப்போதே பேசத் தொடங்கியிருப்பீர்கள் என்ற எண்ணத்தில், இம்மாநிலத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் தமிழன் என்ற முறையில், உங்கள் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். தலைப்பில் உள்ள ஜேனும் சார்லியும் விடுதலை தேடி ஓடிய அடிமைகள்; அவர்கள் கதை கீழே வருகிறது. இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதக் காரணம், பியோரியாவிலும் புளூமிங்டனிலும் சிகாகோவின் புறநகர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர்களுக்கு வருகின்றன என்பதுதான். நான் கேட்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த வாதங்களை நினைவுகூர்ந்து நடந்த நிகழ்ச்சி ஒன்றுக்கு என் மகளுடன் போயிருந்தேன். எங்கே என்று சொல்லப்போவதில்லை. சொல்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. உயரத் தொப்பியும் கறுப்பு அங்கியுமாக ஒருவர் லிங்கன். குட்டையாக, தடித்த குரலோடு மற்றவர் டக்ளஸ். என் மகள் பள்ளியில் வாதப் போட்டிகளில் கலந்துகொள்பவள். இந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் இருவர் நேருக்கு நேர் மோதும் போட்டிக்கே ‘லிங்கன்–டக்ளஸ்’ என்று பெயர். அந்த ஆர்வத்தில் வாதங்களின் முழுத் தொகுப்பை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தாள். புத்தகத்தை மடியில் விரித்து வரிவரியாகத் தொடர்ந்துகொண்டிருந்தவள், சார்லஸ்டன் உரை தொடங்கியதும் திடீரென்று தாள்களைப் புரட்டி மேடையைத் துரத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. கூட்டம் பெரிது, அமைதி காத்தால்தான் எல்லோருக்கும் கேட்கும் என்று லிங்கன் வேண்டிக்கொண்ட முதல் வாக்கியத்தைச் சொன்ன நடிகர், அடுத்த பத்திகளைத் தாண்டிப் போய்விட்டார்.

தாண்டப்பட்ட பத்திகளில் இருப்பது இதுதான். அன்று விடுதியில் முதியவர் ஒருவர் தம்மிடம் வந்து, வெள்ளையரும் கறுப்பரும் முற்றிலும் சமம் ஆக வேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணமா என்று கேட்டதாக லிங்கன் சொல்கிறார். பிறகு, இரு இனத்தாரையும் சமூக நிலையிலும் அரசியல் நிலையிலும் சமமாக்க வேண்டும் என்று தாம் ஒருபோதும் எண்ணியதில்லை என்கிறார். கறுப்பருக்கு வாக்குரிமையோ, ஜூரியாக அமரும் உரிமையோ, பதவி வகிக்கும் தகுதியோ, வெள்ளையரை மணக்கும் உரிமையோ கொடுப்பதற்குத் தாம் ஆதரவில்லை என்கிறார். இரண்டில் ஓர் இனம் மேலாக இருந்தே தீர வேண்டுமென்றால் அது வெள்ளையினமாக இருப்பதையே தாமும் விரும்புவதாகச் சொல்கிறார். கூட்டம் கைதட்டியது. வெள்ளையருக்கு மேல்நிலை இருப்பதால் கறுப்பருக்கு எல்லாமே மறுக்கப்பட வேண்டும் என்பது தமக்கு விளங்கவில்லை என்று அதன்பிறகு ஒரு வரியும் சேர்க்கிறார்.

இதை ஏன் விட்டுவிட்டார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. திறந்த வெளியில் கொடிகளும் பாட்டுக்குழுவும் எலுமிச்சைச் சாறும் இருக்கும் விழாவில், எல்லோரும் நேசிக்கும் ஒருவரின் வாயிலிருந்து இந்தச் சொற்கள் வருவதைக் கேட்பது சங்கடம்தான். ஆனால் 28 நாட்களுக்கு முன் ஒட்டாவாவில் அதே மனிதர், தன் கையால் உழைத்துச் சம்பாதித்த ரொட்டியை எவர் அனுமதியும் இன்றி உண்ணும் உரிமையில் கறுப்பர் தமக்கும் நீதிபதி டக்ளஸுக்கும் உயிரோடுள்ள ஒவ்வொரு மனிதருக்கும் சமமானவர் என்று சொன்னதை மட்டும் வாசித்துவிட்டு, சார்லஸ்டனை மறைத்தால், ஒட்டாவாவின் கனமும் விளங்காமல் போகிறது. அந்த ஒற்றைச் சமத்துவத்தைச் சொல்வதற்கே 1858 இல் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது, அந்த விலையில் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்பதை இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் ஒருவரால் எடைபோட முடியும். லிங்கன் வடக்கே போனால் ஒரு பேச்சு, தெற்கே வந்தால் ஒரு பேச்சு என்று கேல்ஸ்பர்க்கில் டக்ளஸ் குற்றம் சாட்டியபோது அவர் கையில் எடுத்த ஆதாரமே இந்தச் சார்லஸ்டன் உரைதான். உரையை நீக்கிவிட்டால் அந்தக் குற்றச்சாட்டும் அதற்கு லிங்கன் சொன்ன பதிலும் அந்தரத்தில் தொங்குகின்றன.

எனவே என் முதல் வேண்டுகோள்: சார்லஸ்டன் உரையின் தொடக்கத்தை, அது பேசப்பட்ட அதே சந்தை மைதானத்தில், ஒரு சொல்லும் குறையாமல் வாசியுங்கள். டக்ளஸுக்கும் இதே நியாயம் வேண்டும். இந்த அரசு வெள்ளையரால், வெள்ளையருக்காக ஏற்படுத்தப்பட்டது என்று அவர் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்பச் சொன்னதைப் பல்லைக் கடித்துக்கொண்டாவது கேட்கத்தான் வேண்டும். ஃப்ரீபோர்ட்டில், முன்பு அங்கே தாம் பேச வந்தபோது கூட்டத்தின் ஓரத்தில் அழகான வண்டி ஒன்று வந்து நின்றதாகவும், அதனுள்ளே ஃபிரெடரிக் டக்ளஸ் வண்டிக்காரரின் மனைவியோடு சாய்ந்து அமர்ந்திருக்க, சொந்தக்காரரான வெள்ளையர் வண்டியை ஓட்டியதாகவும் கதை சொல்லி அவர் கூட்டத்தைத் தூண்டிவிட்டார். (அடிமைத்தளையிலிருந்து தப்பி, நாடறிந்த பேச்சாளரான அந்த ஃபிரெடரிக்கும் செனட்டர் ஸ்டீபனும் தமிழில் ஒரே எழுத்தில் ‘டக்ளஸ்’ ஆகிவிடுகிறார்கள், தமிழ் வாசகர் குழம்ப வேண்டாம்.) அன்று கூட்டத்திலிருந்து ஒருவர், அதனால் உமக்கென்ன என்று திருப்பிக் கேட்டார் என்பதும் அச்சில் இருக்கிறது. அந்தக் குரலையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்ததாக நான் கேட்பதுதான் இம்மடல் எழுதத் தூண்டியது. ஏழு மேடைகளில், மேடைக்கு மூன்று மணி நேரமாக, இரண்டு வெள்ளையர்கள் பேசினார்கள். யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்கள் அந்நாட்டில் அப்போது ஏறத்தாழ 40 இலட்சம் பேர். 1860 கணக்கெடுப்பில் அடிமைகளின் எண்ணிக்கை 39,53,760. அவர்களில் ஒருவர் பெயராவது உங்கள் நிகழ்ச்சி நிரலில் வர வேண்டுமென்றால் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. உங்கள் ஏழு ஊர்களில் இரண்டில், வாதத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, லிங்கனும் டக்ளஸும் தனித்தனியாக இந்தக் கேள்விக்கு நீதிமன்றத்தில் முகம் கொடுத்திருக்கிறார்கள்.

சார்லஸ்டனில் அந்தப் பெயர் ஜேன் பிரையன்ட். கென்டக்கியைச் சேர்ந்த ராபர்ட் மாட்சன் என்பவருக்குக் கோல்ஸ் மாவட்டத்தில் பண்ணை இருந்தது. இலினாயில் அடிமைமுறை சட்டப்படி கிடையாது என்பதால், கென்டக்கியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கி, அறுவடை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார். யாரும் நிரந்தரமாகத் தங்கவில்லை என்று காட்டுவதற்கான ஏற்பாடு அது. ஜேனின் கணவர் ஆன்டனி மட்டும் அங்கேயே தங்கி மேற்பார்வை பார்த்துவந்ததால் சுதந்திர மனிதராகக் கருதப்பட்டார். 1847 இல், தானும் பிள்ளைகளும் தெற்கே விற்கப்பட்டுவிடுவோம் என்று அஞ்சிய ஜேன், நான்கு பிள்ளைகளோடு ஓடிப்போய், பக்கத்துச் சிற்றூரில் விடுதி நடத்திய கிடியன் ஆஷ்மோரிடமும் மருத்துவர் ஹைரம் ரதர்ஃபோர்டிடமும் தஞ்சம் புகுந்தார். மாட்சன் வழக்குப் போட்டார். தாயும் பிள்ளைகளும் சார்லஸ்டன் சிறையில் பல வாரங்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். அக்டோபரில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அடிமைகளைத் திருப்பிக் கேட்ட மாட்சன் தரப்பில் வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். அவர்கள் இங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் அல்லர், தற்காலிகமாக வந்து போகிறவர்களே என்பதுதான் அவர் தரப்பு வாதத்தின் சாரம். அந்த வாதம் எடுபடவில்லை. ஜேனும் பிள்ளைகளும் விடுதலை பெற்றார்கள். பிறகு அக்குடும்பம் லைபீரியாவுக்குக் கப்பல் ஏறியது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீங்கள் நாடகம் போடுகிறவர்கள், உங்களுக்குப் பிடிக்கும். அந்த வழக்கில் ஜேனின் தரப்பில் நின்ற வழக்கறிஞர்களில் ஒருவர் ஆர்லாண்டோ ஃபிக்ளின். பதினோரு ஆண்டு கழித்துச் சார்லஸ்டன் வாதத்தன்று அதே ஃபிக்ளின் டக்ளஸின் ஆதரவாளராக மேடையில் உட்கார்ந்திருந்தார். மெக்சிகோ போரின்போது வீரர்களுக்கான பொருளுதவிக்கு எதிராக லிங்கன் வாக்களித்தார் என்ற பழியை மறுப்பதற்காக, லிங்கன் திரும்பி, ஃபிக்ளினைப் பிடித்து முன்னுக்கு இழுத்து வந்து, இவரும் அப்போது என்னோடு நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்தார், இவரே சொல்லட்டும் என்று நிறுத்தினார். ஃபிக்ளின் சங்கடத்தோடு, போர் தேவையின்றியும் அரசியலமைப்புக்கு முரணாகவும் தொடங்கப்பட்டது என்ற தீர்மானத்துக்கு லிங்கன் வாக்களித்ததுதான் தமக்கு நினைவிருக்கிறது என்று மட்டும் சொன்னார். கூட்டம் சிரித்து ஆரவாரித்தது. அந்த மேடையில் இழுத்தவர் முன்பு மாட்சனின் வழக்கறிஞர், இழுபட்டவர் ஜேனின் வழக்கறிஞர். ஜேனின் பெயர் மட்டும் அங்கே ஒலிக்கவில்லை. ஃபிக்ளினை மேடைக்கு இழுக்கும் அந்தக் காட்சியை நடிக்கிறவர்கள், அதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, 1847 அக்டோபரில் அதே ஊரில் நடந்ததைச் சொல்லக் கூடாதா?

குவின்சியில் அந்தப் பெயர் சார்லி. குடும்பப் பெயர் ஏட்டில் ஏறாத ஒரு சார்லி. 1842 இல் மிசூரியின் மான்டிசெல்லோவிலிருந்து தப்பி ஓடிவந்து மிசிசிப்பி ஆற்றை நீந்திக் கடந்தவர். கரையில் அவரைக் கண்ட பெரிமன் பார்னெட் என்ற சுதந்திரக் கறுப்பர், ஆற்றிலிருந்து நான்கு தெரு தள்ளியிருந்த மருத்துவர் ரிச்சர்ட் ஈல்ஸின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். ஈல்ஸ் அவருக்கு உலர்ந்த உடை கொடுத்துத் தம் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த புகலிடத்துக்குப் புறப்பட்டார். தேடி வந்தவர்கள் வழியில் மடக்கினார்கள். சார்லி பிடிபட்டு எஜமானனிடம் திருப்பி அனுப்பப்பட்டார். ஓடிப்போன அடிமைக்கு இடம் கொடுத்த குற்றத்துக்காக ஈல்ஸுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது குவின்சி நீதிமன்றம்; அபராதம் விதித்த நீதிபதி ஸ்டீபன் ஏ. டக்ளஸ். ஏழு வாதங்களிலும் லிங்கன் அவரை வாய் நிறைய ‘ஜட்ஜ் டக்ளஸ்’ என்றே அழைப்பார். அந்தப் பட்டம் எந்த நாற்காலியில் அமர்ந்து பெற்றது என்பதைக் குவின்சியில் கூடியிருந்தவர்களில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஊரில்தான், 1858 அக்டோபர் 13 அன்று, அடிமைமுறை அறத்துக்கும் சமூகத்துக்கும் அரசுக்கும் பொருந்தாத தீங்கு என்று லிங்கன் வகுத்துச் சொன்னார். இந்தக் குடியரசு அடிமை மாநிலங்களும் சுதந்திர மாநிலங்களுமாகப் பிரிந்தபடியே என்றென்றும் நீடிக்க முடியும் என்று டக்ளஸ் பதில் சொன்னார். ஈல்ஸின் வீடு இன்றும் நிற்கிறது. வாதம் நடந்த வாஷிங்டன் பூங்காவிலிருந்து அது நடந்தே போகக்கூடிய தூரம். விழாவன்று கூட்டத்தை அந்தப் பூங்காவிலிருந்து அவ்வீட்டின் வாசல் வரை நடத்திக் கூட்டிச் சென்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.

டக்ளஸைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்தப் பகுதி வெள்ளையர்கள் வாக்களித்து முடிவு செய்துகொள்ளட்டும், எப்படி முடிவானாலும் எனக்குக் கவலை இல்லை என்பது அவருடைய கொள்கை. ஆனால் அவருடைய முதல் மனைவி மார்த்தாவுக்குத் தந்தை வழியில் மிசிசிப்பியில் பருத்தித் தோட்டமும் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளும் வந்து சேர்ந்திருந்தன. தோட்டத்தை நிர்வகிப்பதற்காக அதன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு டக்ளஸுக்கு உரியது. கவலை இல்லை என்ற சொல்லை மேடையில் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. 2020 இல் ஸ்பிரிங்ஃபீல்டு சட்டமன்ற வளாகத்திலிருந்து அவர் சிலையை அகற்றினார்கள். அது சரியா தவறா என்று இங்கே வாதிட நான் வரவில்லை. உங்கள் ஊர்களுக்கு அந்த வழி கிடையாது, ஏனென்றால் லிங்கன் நிற்கும் இடத்தில் டக்ளஸும் நின்றே ஆக வேண்டும்.

ஜோன்ஸ்பரோ குழுவினரிடம் தனியே ஒரு வேண்டுகோள். ஏழில் மிகச் சிறிய கூட்டம் கூடியது உங்கள் ஊரில்தான். மாநிலத்தின் தென்கோடி, பெரும்பாலும் தெற்கத்தி மாநிலங்களிலிருந்து குடியேறியவர்கள். 1853 இல் இலினாய் சட்டமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தை அங்கே வாசியுங்கள். சுதந்திரக் கறுப்பர் எவரும் இம்மாநிலத்துக்குள் வந்து பத்து நாட்களுக்கு மேல் தங்கினால் 50 டாலர் அபராதம். கட்ட முடியாவிட்டால் அவருடைய உழைப்பு பொது ஏலத்தில் விடப்படும். அடிமைமுறை இல்லாத மாநிலத்தின் சட்டம் இது! அதைக் கொண்டுவந்தவர் உங்கள் பகுதிக்காரரான ஜான் ஏ. லோகன்; பின்னாளில் உள்நாட்டுப் போரில் வடக்கின் தளபதியாகப் புகழ்பெற்றவர். சிகாகோவில் தையல் கடை நடத்திய ஜான் ஜோன்ஸ் என்ற கறுப்பர், அந்தச் சட்டங்களை நீக்கச் சொல்லி 1864 இல் சிறு நூல் அச்சிட்டு வெளியிட்டார். 1865 இல் அவை நீக்கப்பட்டன. ஏழு மேடைகளில் பேசிய இருவருமே இந்தச் சட்டத்தை நீக்குவேன் என்று வாக்குக் கொடுத்தவர்கள் அல்லர். அதனால்தான் ஜோன்ஸின் அச்சு வரிகளுக்கு உங்கள் மேடையில் இடம் கேட்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முதலில் பேசுபவருக்கு 60 நிமிடம், மறுப்பவருக்கு 90, திரும்பவும் முதலாமவருக்கு 30 என்ற அந்த ஒழுங்கைத்தான் எல்லா விழாவிலும் பெருமையாகச் சொல்கிறீர்கள். இன்றைய தொலைக்காட்சி வாதங்களோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விடாத பேச்சாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் ஊர்ப் பட்டிமன்றத்தில்கூட நடுவர் ஒருவர் உண்டு, இங்கே அவரும் இல்லாமல் எவ்வளவு கண்ணியமாகப் பேசியிருக்கிறார்கள் என்று நானும் வியந்ததுண்டு, அச்சில் படிக்கும் வரை. படித்தால் தெரியும்: கூச்சல், கேலி, பொய்க் குற்றச்சாட்டு எல்லாம் இருந்தன. பத்திரிகைகளும் கட்சி கட்டிக்கொண்டு, தம்மவர் பேச்சைச் செப்பனிட்டும் எதிராளியின் பேச்சைக் குலைந்தபடியே விட்டும் அச்சிட்டன. மக்கள் அந்தத் தேர்தலில் இருவருக்கும் நேரடியாக வாக்களிக்கக்கூட இல்லை. செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம், 1859 ஜனவரியில் 54க்கு 46 என்று டக்ளஸ் வென்றார். ஆகவே மூன்று மணி நேர ஒழுங்குக்காக இதைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மனிதரை மனிதர் உடைமையாக வைத்திருக்கலாமா என்ற கேள்வி ஊர்ச் சதுக்கத்தில் வெயிலிலும் காற்றிலும் ஆயிரக்கணக்கானோர் முன் வைக்கப்பட்டதற்காகத்தான் அந்த நாட்கள் நினைவுகூரத் தக்கவை. வேடமிட்டு நடிக்கும் நாடகத்தில் அரை மணி நேரத்தைக் குறைத்தால் ஜேனுக்கும் சார்லிக்கும் தாராளமாக இடம் கிடைக்கும்.

கேல்ஸ்பர்க்கைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நாக்ஸ் கல்லூரியின் பழைய கட்டடம் இருக்கும் வரை அங்கே நாடகமே தேவையில்லை; சன்னல் வழியாக மேடைக்கு இறங்கிய லிங்கன், ஒருவழியாகக் கல்லூரிக்குள் புகுந்து வெளியே வந்துவிட்டேன் என்று சொன்னதாக வழங்கும் நகைச்சுவையைக் கேட்டுச் சிரிக்காத குழந்தை கிடையாது. ஆல்டன்காரர்களும் நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அல்லர். அடிமைமுறையை எதிர்த்து எழுதியதற்காக எலைஜா லவ்ஜாய் 1837 நவம்பர் 7 அன்று கொல்லப்பட்டதும், அவருடைய அச்சு இயந்திரம் ஆற்றில் வீசப்பட்டதும் அந்த ஊரில்தான். அவருக்கு உயர்ந்த தூண் எழுப்பியவர்களும் அவர்களே.

லிங்கனின் பெயரைக் கெடுக்கவே இதெல்லாம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அது என் நோக்கம் அல்ல. 1847 இல் மாட்சனுக்காக வாதாடியவர், 1858 இல் சார்லஸ்டனில் அப்படிப் பேசியவர், அதற்கு ஐந்து ஆண்டுக்குள் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் மூவரும் ஒரே மனிதர் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னால் அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். தாங்காதது, புத்தகத்தில் இருப்பது மேடையில் இல்லாமல் போவதைக் கண்ணெதிரே பார்ப்பதுதான். என் மகள் அன்று வீடு திரும்பும் வழியில் ஒன்றும் பேசவில்லை. தாண்டப்பட்ட பத்திகளின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி வைத்திருந்தாள், நூலகத்துக்குத் திருப்பும்போதும் அதை எடுக்கவில்லை.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. 2028 இல் சார்லஸ்டன் வாதத்தின் நாளான செப்டம்பர் 18 திங்கட்கிழமையில் வருகிறது. குவின்சியின் அக்டோபர் 13 வெள்ளிக்கிழமை. இரண்டும் பள்ளி நாட்கள். கூட்டம் சேர வேண்டுமென்று விழாவை முந்திய சனிக்கிழமைக்கோ மறுநாளுக்கோ தள்ளிவைப்பீர்கள் என்பது தெரியும், அதில் தவறில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையிலும் வெள்ளிக்கிழமை காலையிலும் பக்கத்துப் பள்ளிகளின் மாணவர்களைப் பேருந்தில் அழைத்து வந்து, சந்தை மைதானத்தில் சார்லஸ்டன் உரையின் முதல் பத்திகளையும் ஜேன் பிரையன்டின் வழக்கையும், ஈல்ஸ் வீட்டு வாசலில் சார்லியின் கதையையும் அவர்களையே வாசிக்கச் செய்யுங்கள். வாசிப்புக்கான பகுதிகளைப் பிரித்துத் தட்டச்சு செய்து தரவும், அன்று வந்து நாற்காலி போடவும் பியோரியாவிலிருந்து நாங்கள் நான்கைந்து குடும்பங்கள் தயாராக இருக்கிறோம்.

பணிவன்புடன்,
பியோரியாவில் வாழும் ஒரு தமிழ்த் தந்தை